கண்ணாடி நூலும் ரெசின் வாளியும்

என்னைத் திருகோணமலைக்கு அனுப்பியது காலாவதியான ஒரு பாஸ்போர்ட். என்னுடையது அல்ல, முதலாளியுடையது. அங்கே ஒரு படகுப் பட்டறைக்கு எங்கள் கருவியோடு கிளம்ப வேண்டிய வாரத்தில்தான் அதைத் திறந்து பார்த்திருக்கிறார். பொறியியல் படித்தவர். கண்ணாடி இழைக்குள் ஒளி எந்தக் கோணத்தில் முட்டித் திரும்பும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பாஸ்போர்ட்டில் ஒரு தேதி போட்டிருக்கும் என்பது மட்டும் அவருடைய பாடத்தில் வரவில்லை போலிருக்கிறது.

தூத்துக்குடியில் எங்கள் பட்டறை என்பது முதலாளி, நான், ஒரு மின்விசிறி. மின்விசிறிக்குப் பாஸ்போர்ட் இல்லாததால் நான் போக வேண்டியதாயிற்று.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கேபிள் புதைக்கக் குழி வெட்டினேன். பிறகு அதே குழிகளுக்குள் உட்கார்ந்து அறுந்த இழைகளை ஒட்டினேன். தலைமுடி அளவுள்ள இரண்டு கண்ணாடி இழைகளை முனையோடு முனை உருக்கி ஒட்டும்போது என் கை நடுங்கியதே கிடையாது. என் நடுக்கம் எல்லாம் உள்ளே. பயணத்துக்கு முன்னால் ஒரு நோட்டில் கவலைகளை வரிசையாக எழுதினேன். கருவிப் பெட்டி தொலைவது, பெட்டி தொலையாமல் நான் தொலைவது, சுனாமி, முதலை, வயிற்றுப்போக்கு, திரும்பி வரும்போது முதலாளி வேறு ஆளை வைத்திருப்பது. இரண்டு பக்கம் வந்தது. கத்தரிக்கோல் என்று எங்கேயும் எழுதவில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இறங்கிய விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இது என்ன என்று கேட்டார் அதிகாரி. ஒளி விடும் மெஷின் என்றேன். டார்ச்சா என்றார். அந்த ஊரில் ஆமாவுக்கு ஓம் என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பழகியிருந்தும் "ஆமாங்கய்யா டார்ச்தான்" என்று வந்துவிட்டது. முதலாளி பல வருடம் கடன் வாங்கிச் செய்த கருவியை டார்ச் என்று எழுதி உள்ளே விட்டார்கள்.

திருகோணமலையில் இறங்கியதும் ஒரு ஆட்டோ. பெட்டியை மடியில் வைத்துக் கைகளால் அணைத்திருந்தேன். குண்டும் குழியும் வரும்போதெல்லாம் அதைத் தூக்கிப் பிடித்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், உள்ளே இருப்பது சாமியோ என்று பணிவாகக் கேட்டார். இல்லை என்றதும் வேகத்தைக் கூட்டிவிட்டார்.

எங்கள் ஊரில் கடல் ஒரு பக்கம் இருக்கும். மற்ற மூன்று பக்கமும் உப்பளம், வெயில், சொந்தக்காரர்கள். இங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் முனையில் தண்ணீர். கோட்டைப் பக்கம் ஒரு கடல், அதற்கு முதுகைக் காட்டினால் இன்னொரு கடல், நடுவில் மலையெல்லாம் சுற்றி நிற்கிற துறைமுகம். நான் தங்கிய அறையின் வாசலில் மான்கள் நின்றன. நிஜ மான்கள், புள்ளியோடு. ஊர் மாடு மாதிரி தெருவில் திரிகின்றன. முதல் நாள் காலையில் ஒரு மீன் பணிஸை, அதாவது உள்ளே மீன் வைத்த பன்னை, வாங்கி, கவலையோடு பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு மான் வந்து அதைச் சுற்றியிருந்த தாளை மட்டும் இழுத்துத் தின்றது. அந்தத் தாளின் வெளிப்பக்கத்தில்தான், கடை வாசலிலேயே முதலாளி போனில் சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்த செய்முறை இருந்தது. அவர் ஏழு படிகள் சொல்லியிருந்தார். மானுக்கு ஐந்தாவது படி வரைக்கும் பிடித்திருந்தது போல. மிச்சத்தைத் துப்பிவிட்டுப் போய்விட்டது.

படகுப் பட்டறை கிண்ணியாவுக்குப் போகிற ரோட்டில், துறைமுகத்துக் கரையோரம். சொந்தக்காரர் ரஹீம் நானா. கிண்ணியாக்காரர். நானா என்றால் அண்ணன். ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது, அவருடைய மாமனார் உட்பட. பட்டறையில் தலைமை யோகராணி அக்கா, அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். கண்ணாடி நார்ப் பாயை அச்சுக்குள் மடிப்பில்லாமல் விரிப்பதில் அவரை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் இல்லை என்று நானா சொன்னார். அக்கா மறுக்கவில்லை.

கட்டுவது முப்பத்தெட்டு அடிப் படகு. கொட்டகை முப்பத்திரண்டு அடி. மிச்சமிருந்த ஆறடி மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு, தார்ப்பாய் போர்த்தித் துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றது. உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர், திமிங்கலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போகக் கேட்டிருக்கிறார். சீசனுக்கு ஆறு வாரம் இருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு படகு கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. அதன் பெயர் வாழைப்பழம். நாயின் பெயரல்ல, படகின் பெயர். இதே அச்சில் முதலில் வார்த்தது. நார்ப் பாயில் ஊற்றிய ரெசின் என்கிற பிசின் முழுக்க இறுகுவதற்கு முன்னால் அச்சிலிருந்து தூக்கிவிட்டார்கள். மூக்கு மெல்ல வளைந்து ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. கடலில் விட்டிருந்தால் திமிங்கலத்தை இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்திருக்கும் என்றார் நானா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்த ஒரு படகுக்குத்தான் ரெசின் இருக்கிறது, இதுவும் பழமானால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். அங்கே பதினொரு பேர் வேலை செய்தார்கள். நான் எண்ணினேன். அப்படி எண்ணுகிற ஆள் நான்.

"எப்போது தூக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" என்று யோகராணி அக்காவைக் கேட்டேன். அவர் வாளியைக் காட்டினார். ரெசினை ஊற்றி முடித்ததும் வாளியில் கொஞ்சம் மிஞ்சும். அது இறுகிக் கல்லாகி, கவிழ்த்துத் தட்டினால் முழுசாக விழ வேண்டும். விழுந்தால் படகும் தயார். விழுந்த கட்டிகளைத் தூக்கி எறிவதில்லை. பட்டறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தது அவற்றின் மேல்தான். எனக்கும் ஒரு கட்டியைக் கதிரை, அதாவது நாற்காலி, என்று போட்டார்கள். வாழைப்பழத்தின் வாளிக் கட்டி அது என்று பிறகு தெரிந்தது.

வாளி பொய் சொல்லாது, ஆனால் தன்னைப் பற்றித்தான் சொல்லும். ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிற ரெசின் தன் சூட்டிலேயே வெந்து சீக்கிரம் இறுகிவிடும். படகில் மெல்லியதாகப் பரவிய ரெசினுக்கு அந்தச் சூடு கிடைக்காது. அது மெதுவாகத்தான் இறுகும். இதற்குத்தான் எங்கள் கண்ணாடி இழை. நார்ப் பாய்களுக்கு நடுவே இழையின் முனையைப் புதைத்துவிட்டு மறுமுனையில் ஒளியை விடுவோம். முனையில் முட்டிக் கொஞ்சம் ஒளி திரும்பி வரும். ரெசின் தண்ணீராக இருக்கும்போது குறைவாக வரும், இறுக இறுகக் கூடும், இறுகி முடிந்ததும் அப்படியே நின்றுவிடும். திரையில் ஒரு கோடு ஏறி, பிறகு படுத்துக்கொள்ளும். கோடு படுத்தால் படகை எழுப்பலாம். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் இவ்வளவுதான். மான் தின்ற ஐந்து படிகளில் வேறு ஏதாவது இருந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் மூன்று இழைகளைப் புதைத்தேன். மூக்கில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்பக்கம் ஒன்று. மேலே பிளாஸ்டிக் உறையை விரித்து, ஓரமெல்லாம் பிசின் நாடாவால் ஒட்டி, பம்பைப் போட்டுக் காற்றை உறிஞ்சினார்கள். உறை சுருங்கிப் படகோடு ஒட்டிக்கொண்டது. நாடாவுக்கு வெளியே என் இழைகள் மூன்றும் நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு மஞ்சள் குழாய் மாட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். மாட்டப்போகும் நேரத்தில் நானா வந்து, சாப்பாடு ஆறுகிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கணவாய்ப் பிரட்டல். எங்கள் ஊரிலும் கணவாய் உண்டு, ஆனால் செருப்பை மெல்லுவது போல இருக்கும். இது வாயில் வைத்ததும் போய்விட்டது. அதற்குப் பிறகு கிண்ணியா எருமைத் தயிர், மண்சட்டியோடு, மேலே வெல்லப்பாகு மாதிரி பாணி. சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது என்று நானா கவிழ்த்துக் காட்டினார். இந்த ஊரில் எதையும் கவிழ்த்துத்தான் சோதிக்கிறார்கள். நான் இரண்டாவது சட்டி தயிரும் சாப்பிட்டேன். எனக்கு நினைவு தெரிந்து கவலையில்லாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

திரும்பி வந்தபோது படகின் ஓரம் அழகாக இருந்தது. அளவுக்கு மீறி அழகாக இருந்தது.

நார்ப் பாய் விரித்தால் ஓரத்தில் நூல் நூலாகக் கண்ணாடி நார் பிதுங்கும். நல்ல வேலைக்காரர் சாப்பிடப் போவதற்கு முன்னால் கத்தரிக்கோலோடு ஒரு சுற்று வந்து அதையெல்லாம் நறுக்கிவிடுவார். யோகராணி அக்கா நல்ல வேலைக்காரர். என் இழையும் கண்ணாடிதான், அதுவும் ஒரு நூல்தான். அதற்கு வேறு அடையாளம் வைக்க வேண்டியவன் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவிலும் பின்னாலும் நாடாவோடு ஒட்ட நறுக்கியிருந்தார். பிடிக்க ஒரு நுனிகூட இல்லை. மூக்கில் மட்டும் உறையின் மடிப்பு ஒன்று கத்தரிக்கோலுக்கு இடைஞ்சலாக நின்றிருக்கிறது. அங்கே கட்டைவிரல் நீளம் மிஞ்சியிருந்தது.

நான் குனிந்து அந்த நுனியை விரலால் தொட்டுப் பார்த்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார், கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார்.

"நான் வெட்டினது உங்கட சாமானையோ?"

தலையாட்டினேன்.

"சொல்லியிருக்கலாமே தம்பி. இது தலைமயிரிலும் மெலிசு. எனக்கு எல்லாம் நூல்தானே."

உறையைப் பிரித்து வேறு இழை வைக்கலாமா என்று நானாவைக் கேட்டேன். பிரித்தால் திரும்ப மூட இன்னொரு உறை வேண்டும், அது இல்லை என்றார். முதலாளிக்குப் போன் செய்தேன். மூக்கில் இருப்பதை ஒட்டு, போனமுறை வளைந்ததும் மூக்குத்தானே, என்றார். சரியான பேச்சு. பாஸ்போர்ட் விஷயத்திலும் இப்படி யோசித்திருக்கலாம்.

கட்டைவிரல் நீளத்தில் மேல்பூச்சை உரித்து, முனையை நேராக நறுக்கி, புது இழையோடு உருக்கி ஒட்ட வேண்டும். நறுக்கல் கோணலானால் இன்னொரு தடவை நறுக்கலாம். அதுவும் கோணலானால் மிச்சம் இருக்காது. ரெசின் கட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, மேலே ஒட்டுகிற கருவியை வைத்து, படகின் மூக்குக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். துறைமுகக் காற்று அடித்தது. பதினொரு பேரும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றி நின்றார்கள். உள்ளே புழுக்கம், ரெசின் நெடி, பதினொரு பேரின் மூச்சு. முதல் நறுக்கல் கோணல். யாரோ பெருமூச்சு விட்டார்கள். யோகராணி அக்கா திரும்பிப் பார்த்ததும் அந்த மூச்சு பாதியில் நின்றது.

இரண்டாவது நறுக்கல் நேராக வந்தது. ஒட்டினேன். கருவி சரி என்று காட்டியது. மஞ்சள் குழாயை மறக்காமல் மாட்டினேன். நான் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போய், வாழைப்பழத்தின்மேல் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. குட்டி போட்ட நாய் கடிக்குமா என்ற கவலை வந்ததும் உள்ளே வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை ரெசின் விட்டார்கள். குழாய்கள் வழியாக அது பாய்க்குள் பரவுவது உறைக்கு வெளியே நன்றாகத் தெரிந்தது, தரையில் கொட்டிய தேநீர் பரவுவது போல. திரையில் கோடு உயரத்தில் நின்றிருந்தது. ரெசின் மூக்குக்கு வந்து முனையை நனைத்த நொடியில் கோடு தடாலென்று கீழே விழுந்தது. மெஷின் செத்துவிட்டதா என்று நானா கேட்டார். இல்லை, காற்றில் இருந்த முனை ரெசினுக்குள் போய்விட்டது, அப்படித்தான் விழும் என்றேன். விழும் என்று தெரிந்திருந்தும் நானும் திரையை இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். பிறகு கோடு மெல்ல ஏறத் தொடங்கியது. அன்று சாயங்காலம் ஒரு மழை பெய்து, இரவு முழுக்கத் துறைமுகத்திலிருந்து குளிர் காற்று வீசியது. அறையில் படுத்துக்கொண்டு அந்த ஆறடி மூக்கைப் பற்றியே நினைத்தேன்.

நான்காம் நாள் காலை நான் போனபோது கிரேன் லாரி வந்து நின்றிருந்தது. வாளி கவிழ்க்கப்பட்டிருந்தது. கட்டி முழுசாக விழுந்து, கல்லாக, ஆறிக் கிடந்தது. ஒருவர் படகின் நடுவில் கரண்டியால் தட்டினார். டங் என்றது. எல்லோர் முகத்திலும் வேலை முடிந்த களை.

திரையைப் பார்த்தேன். கோடு ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஆனால் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"சொல்லுங்க தம்பி, தூக்கலாமா?" என்றார் நானா.

எனக்கு வந்த யோசனைகளை எழுதினால் இன்னொரு நோட்டு வேண்டும். ஏறுவது ரெசினா, என் ஒட்டா? ஒட்டு நெகிழ்ந்திருந்தால் கோடு இறங்க வேண்டும், ஏறாது. அது தெரியும். ஆனால் இருப்பது ஒரே இழை, அதுவும் கட்டைவிரல் நீளத்தில் ஒட்டியது. எதிர்ப்பக்கம் எத்தனையோ படகுகளைப் பார்த்த வாளி. முதலாளியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பாஸ்போர்ட் அலுவலகத்தில் வரிசையில் நின்றாராம், பிறகு சொன்னார்.

லாரி ஓட்டுநர் சிங்களத்தில் இரண்டு நிமிடம் பேசினார், கையை ஆட்டி, வானத்தைக் காட்டி, தன் கைக்கடிகாரத்தைக் காட்டி. நானா எனக்கு மொழிபெயர்த்தார்: "அவசரமாம்."

"தூக்க வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நடு இறுகியிருக்கும். மூக்கு இன்னும் பச்சையாக இருக்கிறது."

கரண்டிக்காரர் மறுபடியும் ஒரு தட்டுத் தட்டினார், எனக்குக் காது கேட்காது என்பது போல. யோகராணி அக்கா வாளிக் கட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கொட்டகையை விட்டு வெளியே போய், மூக்கின் தார்ப்பாயைத் தூக்கி, உறையின் ஓரத்தைக் கொஞ்சம் நெகிழ்த்தி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். நடுப்பக்கம் வந்து மோந்தார். திரும்பவும் மூக்குக்குப் போனார்.

"நானா, தம்பி சொல்லுறது சரி. நடுவில ரெசின் வாசம் போயிட்டுது. இஞ்ச இன்னும் நிக்குது. ராத்திரி நனைஞ்சு குளிர்ந்துபோச்சு."

"இப்ப என்ன செய்ற?"

"இந்தத் தார்ப்பாயைக் கழட்டுங்கோ. கறுப்புப் பொலித்தீனைப் போடுங்கோ. வெயில் வேலையைச் செய்யட்டும்."

எனக்கு அது தோன்றியிருக்காது. கோடு ஏறுகிறது என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும். அதை எப்படி அவசரப்படுத்துவது என்பது அவருக்குத்தான் தெரிந்தது. கறுப்புப் பொலித்தீன் போட்டு அரை மணி நேரத்தில் கோடு நிமிர்ந்துகொண்டு ஏறியது. அக்கா வேலைக்கு நடுவே வந்து திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

ஓட்டுநரை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. அவர் இரண்டு தடவை என்ஜினைக் கிளப்பினார். நானா ஒரு சட்டி தயிரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது முடிந்ததும் இன்னொரு சட்டி. நான் அனுபவப்பட்டவன் என்பதால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். மதியத்துக்குள் லாரிக்குள்ளிருந்து குறட்டை கேட்டது.

மூன்று மணிக்குக் கோடு படுத்தது. நான் இன்னும் ஒரு மணி நேரம் கேட்டேன். எதற்கு என்றார் நானா. பயமாக இருக்கிறது என்றேன். கொடுத்தார்.

உறையைப் பிரித்துவிட்டு ஓட்டுநரை எழுப்பினார்கள். கொக்கி மாட்டி, கயிறு இறுகி, படகு அச்சைவிட்டுப் பிரியும்போது, சேற்றிலிருந்து காலை உருவுவது போல ஒரு சத்தம் வந்தது. தரையில் இறக்கினார்கள். நானா மூக்கின் நுனியில் ஒரு நூலைப் பிடித்தார், அக்கா பின்பக்க நடுவில் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். நூல் நடுக்கோட்டின்மேல் படிந்தது. அக்கா ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். இடத்தை மாற்றி நின்று மறுபடியும் பார்த்தார்.

"நேர்" என்றார்.

நானா நூலை விட்டுவிட்டு, கிட்டக் கிடந்த ரெசின் கட்டியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யாரும் அவரிடம் போகவில்லை. ஓட்டுநர் மட்டும் போய் ஏதோ கேட்டார். இந்தத் தடவை எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. காலிச் சட்டியைக் கையில் வைத்திருந்தார்.

யோகராணி அக்கா வழக்கம்போலக் கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தில் ஒரு சுற்று வந்தார். மூக்கில் என் மஞ்சள் குழாய் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் நின்றுவிட்டார். இனி வெட்டலாம், அதன் வேலை முடிந்தது என்றேன். கத்தரிக்கோலைத் திறந்தார், மூடினார், என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வெட்டுங்கோ. எனக்கு இனி நூலைக் கண்டாலே நெஞ்சு இடிக்குது."

என்னிடம் கிடந்த கவலை அவருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நான் படகின் ஓரத்தோடு ஒட்ட நறுக்கினேன், அவர் நறுக்கியது போலவே. வெட்டுப்பட்ட இடத்தில் அக்கா விரலால் கொஞ்சம் ரெசினைத் தடவி மூடினார். இழை படகுக்குள்ளேயே இருக்கும். திமிங்கலம் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

மறுநாள் கிளம்பும்போது பெட்டியை ஆட்டோவில் ஏற்ற அக்கா கூட வந்தார். அச்சைத் துடைத்துவிட்டார்களாம், நானா அடுத்த படகுக்கு ரெசின் சொல்லிவிட்டாராம். பெட்டியை என் மடியில் வைத்து, மேலே இரண்டு தட்டுத் தட்டினார், கரண்டியில்லாமல்.

"அடுத்த முறை வரேக்க மூண்டு நூல் காணாது தம்பி. ஆறாக் கொண்டு வாங்கோ. மூண்டை நான் எப்பிடியும் வெட்டிப்போடுவன்."